ஒரு விமானத்துக்கு எத்தனை பேர்?

2018 மே 4. டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹிண்டன் விமானப்படைத் தளத்தில், ஒரு கிழட்டு டகோட்டா விமானத்தை இந்திய விமானப்படை முறைப்படி சேர்த்துக்கொண்டது. பெயர் 'பரசுராமா'. வாலில் எழுதியிருந்த எண் விபி905.

அந்த எண் சாதாரண எண் இல்லை. 1947 அக்டோபர் 27 அன்று, சீக் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் வீரர்களை ஏற்றிக்கொண்டு டெல்லியில் இருந்து கிளம்பிய டகோட்டாக்கள் ஸ்ரீநகரில் இறங்கின. காஷ்மீரைக் காப்பாற்றிய நாள் என்று ராணுவம் இன்றைக்கும் கொண்டாடுகிற நாள் அது. அன்றைக்கு முதலில் போன டகோட்டாவின் எண்தான் விபி905 என்கிறது விமானப்படை.

செய்தி வந்ததும் வாட்ஸ்அப் குடும்ப குரூப்புகளில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். 'காஷ்மீரில் இறங்கிய அதே விமானம் 71 வருஷம் கழித்துத் தாய்நாடு திரும்பியது!' கூடவே நாலு தேசியக்கொடி, இரண்டு கும்பிடு.

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் இருக்கிறது இரும்பை. அங்கே ஒரு பெரியவருக்கு அவர் பேத்தி இந்த ஃபார்வர்டைக் காட்டினாள். ஊரில் அவருக்கு 'ஏர்ஃபோர்ஸ் தாத்தா' என்றுதான் பெயர். 1965-ல் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி முடித்து, இருபது வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவர். அதில் பாதி டகோட்டாவோடு போனது.

"தாத்தா, உங்க பிளேன் வந்துடுச்சி பாருங்க."

பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்பரு அதுதான் கண்ணு. உடம்பு வேற."

அவர் சொன்னது சரி. ஹிண்டனில் நின்ற அந்த டகோட்டா 1947-ல் இந்திய விமானப்படையிலேயே இல்லை. அமெரிக்காவில் டக்ளஸ் கம்பெனி செய்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போய் கேஎன்397 ஆனது. அப்புறம் சிவில் விமானமாகி, பிரிட்டன் பதிவேட்டில் ஜி-ஏஎம்எஸ்வி என்று பதிவானது. கோவென்ட்ரியில் ஏர் அட்லாண்டிக் என்ற கம்பெனியிடம் வேலை பார்த்தது. கடலில் எண்ணெய் கொட்டிவிட்டால் மேலே இருந்து மருந்து தெளிக்கிற விமானங்களை வைத்திருந்த கம்பெனி அது. 2011-ல் ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கினார். அவருடைய அப்பா, ஏர் கமோடோர் எம்.கே. சந்திரசேகர், டகோட்டா பைலட். அவர் நினைவாக விமானப்படைக்கு அன்பளிப்பாகக் கொடுக்க நினைத்தார். முதலில் அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சரான பிறகுதான் சரி என்றார்கள். பிரிட்டனில் சீர்செய்து, 2018 ஏப்ரலில் ஐரோப்பா, வளைகுடா நாடுகள் வழியாக அது பறந்தே இந்தியா வந்தது. அந்த வயதில் அவ்வளவு தூரம் பறந்து வந்ததே பெரிய விஷயம்.

விமானப்படை எதையும் மறைக்கவில்லை. 1947-ல் முதலில் போன டகோட்டாவின் எண்ணையே இதற்கும் கொடுத்திருக்கிறோம், அது மரியாதைக்காக என்றுதான் அறிவித்தது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதுபோல. ஆனால் பேரனைப் பார்த்து 'இவர்தான் தாத்தா' என்று ஊர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? இன்னும் ஐம்பது வருஷம் கழித்து ஒரு மாணவன் படத்தை மட்டும் பார்த்து எழுதினால், விபி905 என்ற ஒரே விமானம் 1947-ல் ஸ்ரீநகர் போய், பிறகு இங்கிலாந்து போய், மறுபடி வந்தது என்று தைரியமாக எழுதிவிடுவான்.

பழைய புல்லட் வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். ஆர்.சி. புக்கில் ஒரு சேஸிஸ் நம்பர் இருக்கும். வண்டியைத் தேய்த்துப் பார்த்தால் வேறு நம்பர் இருக்கும். இன்ஜின் எப்போதோ மாற்றியது. நம்பர் பிளேட் மட்டும் ஒரிஜினல். 'வண்டி யாருது?' என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டால் விற்றவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ராணுவ விமானத்தில் இந்தக் கூத்து பத்து மடங்கு.

டகோட்டாவையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி தொழிற்சாலையில் செய்த டகோட்டாக்களில் பலவற்றுக்கு இரண்டு தொழிற்சாலை எண்கள் உண்டு. முதலில் ஒரு வரிசையில் எண் கொடுத்தார்கள். பிறகு வேறு வரிசைக்கு மாற்றினார்கள். நம் பரசுராமாவுக்கும் அப்படித்தான்: 16072 என்றும் சொல்லலாம், 32820 என்றும் சொல்லலாம். ஒரு நாட்டுப் பதிவேடு முதல் எண்ணை எழுதிக்கொள்ளும், இன்னொன்று இரண்டாவதை எழுதிக்கொள்ளும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறவருக்கு ஒரு விமானம் இரண்டாகிவிடும். போதாததற்கு அமெரிக்க ராணுவம் கொடுத்த எண் வேறு: 44-76488. முன்னால் இருக்கும் 44-ஐப் பார்த்து அது பிறந்த வருஷம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது விமானத்துக்குப் பணம் ஒதுக்கிய பட்ஜெட் ஆண்டு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது அதே வருஷமாகவும் இருக்கலாம், அடுத்த வருஷமாகவும் இருக்கலாம்.

இதைக் கேட்டதும் பெரியவர் சிரித்தார். அவருடைய பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார்கள். விரல் காதில் பட்டது. ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். அவர் பிறந்தது தை மாதம், பொங்கலுக்கு நாலு நாள் கழித்து என்று அவருடைய அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், விமானப்படை, பான் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் அந்த ஜூன் தேதிதான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பாக இருப்பதால் இதுவரை ஒரு ஆபீஸும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

விமானங்களில் செத்துப் போனதாக எழுதி, பிறகு இருபது வருஷம் பறந்த கதையும் உண்டு. அது நம் நாட்டில்தான் நடந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் நூறு போல கான்பூர் சக்கேரி விமான தளத்தில் நின்றன. நான்கு இன்ஜின் உள்ள பெரிய விமானங்கள். அமெரிக்கா கடன்–குத்தகைத் திட்டத்தில் கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் உபயோகம் இல்லாமல் ஆக்கிவிட வேண்டும். திருப்பிக் கொண்டுபோக யாருக்கும் விருப்பம் இல்லை. கிளம்பும் முன் உடைத்துவிட்டுப் போனார்கள். இறக்கைகளை இடித்தார்கள், உள்ளே இருந்த கருவிகளை நொறுக்கினார்கள், ஓடுகிற இன்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு விமானத்துக்கு நேராகவும் ஒரு தேதி போட்டு, கணக்கில் இருந்து நீக்கப்பட்டது என்று எழுதி முடித்தார்கள்.

சுதந்திரம் வந்தது. காஷ்மீரில் சண்டை வந்தது. புதிய இந்திய விமானப்படையிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளியே வாங்கக் காசும் இல்லை. பெங்களூரு எச்.ஏ.எல்.-ஐக் கூப்பிட்டு, கான்பூர் குப்பையில் இருந்து ஏதாவது தேறுமா பார் என்றார்கள்.

எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூர் போனார்கள். இதில் இருந்து ஒரு சக்கரம், அதில் இருந்து ஒரு இன்ஜின், இன்னொன்றில் இருந்து ஒரு வால் என்று கழற்றிப் பூட்டினார்கள். அங்கேயே முழுசாகச் செய்ய வசதி இல்லை. பெங்களூரு வரை வந்து சேர்ந்தால் போதும் என்கிற அளவுக்குத் தேற்றினார்கள். அப்படித் தேற்றிய விமானங்களை ஓட்டிக்கொண்டு வந்தவர் எச்.ஏ.எல். பைலட் ஜம்ஷெட் முன்ஷி. ஒன்று இரண்டு இல்லை, 42 விமானங்கள். எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. 1948 நவம்பரில் 5-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு தொடங்கியது. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968 டிசம்பர் 31-ல். உலகத்திலேயே அந்த ரகத்தைப் படையில் கடைசி வரை வைத்திருந்தது நாம்தான். இது சினிமாவாக வராமல் இருப்பது ஆச்சரியம்.

பெரியவர் புனாவில் இருந்தபோது அவற்றைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார். "வயிறு தரையைத் தொடற மாதிரி நிக்கும். பக்கத்துல போனா எண்ணெய் வாசனை. எங்க பார்த்தாலும் ஒழுகும். ஒழுகலைனாதான் பயப்படணும், எண்ணெயே இல்லைனு அர்த்தம்" என்பார்.

அமெரிக்கக் கணக்கில் இல்லை. பிரிட்டிஷ் கணக்கில் அழிந்துவிட்டது. இந்தியக் கணக்கில் புதிய எண்ணோடு பிறந்தது. இந்திய லிபரேட்டர்களுக்கு எச்.இ. என்று தொடங்கும் எண்கள். ஆனால் ஒரு விமானத்துக்குள் எத்தனை விமானங்கள் இருந்தன என்பது அந்த எண்ணில் தெரியாது. உடம்பில் பதிந்த தகடு எந்த விமானத்துடையதோ அதுவே பழைய அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தகடு இருக்கும் பாகம் முன்பாதியில் இருக்கும். பின்பாதி வேறு விமானமாக இருந்தால் அதற்கு வாய் கிடையாது.

18,000-க்கும் மேல் செய்த லிபரேட்டர்களில் இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதில் கணிசமானவை இந்தியா காப்பாற்றி வைத்தவை. டெல்லி பாலம் மியூசியத்தில் ஒன்று நிற்கிறது. 1974-ல் ஒன்றை பிரிட்டனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தோம். இந்தியாவில் அது ஹெச்இ807. லண்டன் ஹெண்டனில் இருக்கும் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் அதற்குப் பழைய பிரிட்டிஷ் எண்ணான கேஎன்751-ஐத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் படையில் அது இருந்தது கொஞ்ச காலம். நம்மிடம் உழைத்தது இருபது வருஷம். மியூசியத்தின் குறிப்புகளில் இந்திய எண் இருக்கிறது. விமானத்தின் உடம்பில் இல்லை. முதல் புருஷன் பேரைத் திரும்ப இனிஷியலாகப் போட்டதுபோல இருக்கிறது என்றார் பெரியவர். கொஞ்சம் கடுமையான ஒப்புமைதான்.

இன்னொன்று, ஹெச்இ771. இந்தியாவில் கேட்பாரற்றுக் கிடந்ததை 1981-ல் ஒரு பிரிட்டிஷ்காரர் வாங்கிக் கொண்டுபோனார். 1984-ல் அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போய், 1989-ல் மறுபடி பறந்தது. அமெரிக்காவில் அதற்கு வேறு வேறு போர் விமானங்களின் பெயர்களை மாற்றி மாற்றி எழுதினார்கள். அதில் ஒரு பெயர் 'விட்ச்கிராஃப்ட்'. அந்தப் பெயர் கொண்ட அசல் விமானம் ஐரோப்பாவில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை போருக்குப் போய் வந்த வேறு ஒரு விமானம். ஏர்ஷோவில் கூட்டம் கைதட்டியது அந்தப் பெயருக்கு. கான்பூரில் மண் கொட்டிய இன்ஜினைக் கழுவி எடுத்த எச்.ஏ.எல். மெக்கானிக்குக்கு இல்லை.

ஸ்பிட்ஃபயர் கதையும் சுருக்கமாக இதுவே. விமானப்படை பறக்கவிட்டு முடித்த ஸ்பிட்ஃபயர்களில் சிலதைப் பயிற்சிப் பள்ளிகளில் பையன்கள் கழற்றி மாட்டிப் பழகக் கொடுத்தது. அப்போது அவற்றுக்கு 'டி' என்று தொடங்கும் புது எண். எம்வி293 என்ற பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் ஜாலஹள்ளியில் டி20 ஆனது அப்படித்தான். 1970-களின் கடைசியில் இவற்றைப் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். எம்வி293 மறுபடி பறக்க ஆரம்பித்த பிறகு, புகழ்பெற்ற பைலட் ஜானி ஜான்சன் ஓட்டிய எம்வி268-இன் எண்ணை அதன் மேல் எழுதினார்கள். பிரிட்டிஷ் சிவில் பதிவேட்டில் ஒன்று, பெயிண்டில் வேறொன்று.

இரும்பை மகாகாளேஸ்வரர் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் பிளந்து சிதறியது. மன்னன் மன்னிப்புக் கேட்டதும் திரும்பப் பாட, துண்டுகள் சேர்ந்தன. செப்புத் தகட்டால் கட்டிய லிங்கத்துக்குத்தான் இன்றும் பூஜை. ஒட்டிய லிங்கம் பழைய லிங்கம்தானா என்று இரும்பையில் யாரும் கேட்டதில்லை. ஆனால் கோயிலுக்குப் பதிவு எண் தேவையில்லை, விமானத்துக்குத் தேவை.

தப்பு எங்கே நுழைகிறது என்று பெரியவரைக் கேட்டால் அவர் அலுவலகத்தைத் திட்டமாட்டார். ஹேங்கரைச் சொல்வார். தினமும் காலையில் விமானத்தைச் சோதித்து ஃபார்ம் 700-ல் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பைலட் ஏறமாட்டார். அதனால் அது சரியாக இருக்கும். ஆனால் அவசரத்தில் ஒரு விமானத்தின் ஹைட்ராலிக் பம்பைக் கழற்றி இன்னொன்றில் போடுவார்கள். கேனிபலைஸ் என்பார்கள். கழற்றியதை எழுதினால் மாட்டியதையும் எழுத வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு, பனியில், டார்ச் வெளிச்சத்தில் இரண்டில் ஒன்று விட்டுப் போகும். பறக்கிற விமானத்தின் ஏடு சுத்தமாக இருக்கும். நிற்கிற விமானத்தின் ஏட்டில்தான் ஓட்டை. அருங்காட்சியகத்துக்குப் போவது எப்போதும் நிற்கிற விமானம்தான்.

போர்க்காலப் பிரிட்டிஷ் ஏடுகளுக்கும் இதே கதி. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அட்டை போட்டு, அது போன இடமெல்லாம் எழுதுவார்கள். இங்கிலாந்துக்குள் இருக்கும் வரை அட்டை நிறைய விவரம் இருக்கும். கப்பல் ஏறியோ பறந்தோ இந்தியாவுக்கு வந்துவிட்டால், பல அட்டைகளில் தென்கிழக்கு ஆசியா என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியே கணக்கில் இருந்து நீக்கம். நடுவில் இருந்த பர்மா சண்டை, மழைக்காலம், செத்தவர்கள், பிழைத்தவர்கள் ஒன்றும் அதில் இல்லை.

ஊர்ப் பெயரும் ஒத்துழைக்காது. உளுந்தூர்பேட்டையில் ஆங்கிலேயர் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் இருக்கிறது. அவர்கள் ஏட்டில் அது 'உளுந்தர்பெட்'. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. மாவட்டமோ, அப்போது தென்னாற்காடு, 1993-ல் விழுப்புரம், 2019-ல் கள்ளக்குறிச்சி. தளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, விலாசம்தான் இரண்டு முறை வீடு மாறிவிட்டது.

பெரியவர் வீட்டிலும் ஒரு எழுத்துக்கூட்டல் உட்கார்ந்திருக்கிறது. பென்ஷன் ஆர்டரில் மனைவியின் பெயர் என்ற இடத்தில் இருப்பது அந்த அம்மாவை வீட்டில் கூப்பிடும் பேர். அதுவும் ஒரு எழுத்து மாறி. கல்யாணம் ஆன புதிதில் வடக்கே ஏதோ ஒரு தளத்தில், தமிழ் தெரியாத ஒரு கிளார்க் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆதாரில், ரேஷன் கார்டில், வங்கிப் புத்தகத்தில் எல்லாம் முழுப் பேர். நாற்பது வருஷமாக யாருக்கும் கவலை இல்லை. பென்ஷன் இவர் பேரில்தான் வந்துகொண்டிருந்தது. கணக்கெல்லாம் ஆன்லைனுக்கு மாறியபோதுதான் பேத்தி கண்டுபிடித்தாள். பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்ப பென்ஷன் போக வேண்டியது ஆர்டரில் இருக்கும் பெண்ணுக்கு. அப்படி ஒரு பெண் ஆதாரில் இல்லை.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டார் ஆயா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

"நீ விபி905" என்றார் பெரியவர்.

ஆயாவுக்குப் புரியவில்லை. பேத்திக்குப் புரிந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாத்தா இறந்து, இதே பெயர்ச் சிக்கலில் பாட்டி மாதக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொன்னார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் அஃபிடவிட், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ. எல்லாம் டெல்லிக்குப் போய், திருத்திய பென்ஷன் ஆர்டர் வர வேண்டும். கூட இருந்த இன்னொரு பழைய ஏர்மேன், "சார், பேரை மாத்தறப்போ பொறந்த தேதியையும் சரியாப் போட்டுடலாமே" என்று யோசனை சொன்னார். பெரியவர் பதறிப்போனார். ஓடுகிற இன்ஜினில் கை வைக்கிற ஃபிட்டர் அவர் இல்லை.

ஆதாரில் இருக்கிற பேரைத்தான் ஒருத்தரும் கூப்பிட்டதே இல்லையே என்று ஆயாவுக்கு ஒரு குறை. ஸ்டூடியோவில் போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். கவர்ன்மென்ட்டுக்குப் போகிற போட்டோ என்று அவர் சிரிக்கவில்லை. அஃபிடவிட்டில் கையெழுத்துப் போடும்போது எந்தப் பேரைப் போடுவது என்று கேட்டார். முழுப் பேரைப் போடு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அந்த முழுப் பேரை, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார்.

மனு போய் நாலு மாசம் ஆகிறது. ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, ஆர்டர் வரவில்லை. மிச்சமான இரண்டு போட்டோக்கள், பெரியவரின் பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு விமானப்படை கொடுத்த கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டியின் மூடியில் வெள்ளை பெயிண்டில் அவருடைய சர்வீஸ் நம்பர். அந்த நம்பரில் மட்டும் ஒரு தப்பும் இல்லை. அதை எழுதியவர் அவரே.